பனியின் மேல் பழி போடுமுன்: பின்பனிக்கால வானிலையும் நம் உடல்நலமும்

மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமைக் காலை. எமது மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில், நெஞ்சக நோய் மருத்துவரைக் காண வந்தவர்கள் தங்கள் வரிசை எண் அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தனர். கழுத்தைச் சுற்றித் துண்டு அணிந்த ஒரு விவசாயி, இருக்கையில் முன்குனிந்து அமர்ந்திருந்த தம் மனைவியின் முதுகைத் தடவியவாறு, அருகிலிருந்த பெரியவரிடம் சொன்னார்: “பத்து நாளாகப் பனி கொட்டுகிறது சார். அதனால்தான் இவளுக்கு இரவெல்லாம் இருமல். படுத்தால் மூச்சு முட்டுகிறது. வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று பார்த்தேன்.”

பெரியவர் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக ஆறு ஆண்டுகளாக இங்கு வருபவர். அவர் பதில் சொல்லவில்லை. தம் துணிப்பையிலிருந்து நீண்ட குறிப்பேடு ஒன்றை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். “வியாழனும் வெள்ளியும் அம்மாவுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டார். “அந்த இரண்டு இரவும்தான் மோசம் சார். விடியும்வரை உட்கார்ந்தேதான் இருந்தாள்.” ஆசிரியர் குறிப்பேட்டை அவர் பக்கம் திருப்பினார். “அந்த இரண்டு இரவும் வானம் மூடிக் கிடந்தது. பனியே இல்லை. என் வீட்டு வெப்பமானி 23 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. இது பனியால் வந்தது போலத் தெரியவில்லை. உள்ளே போனதும் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.”

அவர் அப்படியே சொன்னார். பரிசோதனையில், அந்த அம்மையாரின் துன்பத்துக்குக் காரணம் இதயச் செயலிழப்பு என்பதும், அதனால் நுரையீரலில் நீர் தேங்கியிருப்பதும் தெரியவந்தன. கணுக்கால்களில் இருந்த வீக்கத்தை இருவருமே பெரிதாக எண்ணியிருக்கவில்லை. அன்றே உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட அவர், சில நாள்களில் மூச்சு சீராகி வீடு திரும்பினார். இந்நிகழ்வை, உரியவர்களின் இசைவுடனும் பெயர்களைத் தவிர்த்தும் இங்கே பகிர்கிறோம்.

வானிலை நம் உடலைத் தொடுகிறது, அதில் ஐயமில்லை. ஆயினும் எது வானிலையின் வேலை, எது நோயின் வேலை என்று பிரித்தறியாவிட்டால், பனியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நோயை வளரவிடுவோம். பனி விலகி வெயில் ஏறும் இந்த இரண்டு மாதங்களில்தான் அந்தக் குழப்பம் மிகுதியாக நேர்கிறது.

இரு பருவங்களின் சந்திப்பு

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். அதனை அடுத்துவரும் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இந்திய வானிலைத் துறையோ சனவரி, பிப்ரவரி மாதங்களைக் குளிர்காலம் என்றும், மார்ச் முதல் மே வரையிலான மாதங்களைப் பருவமழைக்கு முந்தைய காலம் என்றும் வகுத்துள்ளது. இரண்டு கணக்குகளும் ஒன்றையே உணர்த்துகின்றன: பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நாம் இரண்டு பருவங்களின் சந்திப்பில் வாழ்கிறோம்.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது பழமொழி. அதே மாசியின் நண்பகலில் குடையின்றி நடப்பது அரிது. உள் மாவட்டங்கள் பலவற்றில் வைகறையில் 18 அல்லது 19 டிகிரியாக இருக்கும் வெப்பநிலை, பிற்பகலில் 33 டிகிரியைத் தொடுகிறது. ஏறத்தாழ 15 டிகிரி வேறுபாடு! சராசரியைக் கணக்கிட்டால் 26 டிகிரி. கேட்பதற்கு இதமான நாள். ஆனால் நோயுற்ற உடல் சராசரியில் வாழ்வதில்லை. விடியலில் ஒரு முனையையும் நண்பகலில் மறுமுனையையும் அது தாங்க வேண்டியிருக்கிறது.

மேலே குறிப்பிட்ட ஆசிரியருக்கு வானிலை ஆர்வம் மிக்க நண்பர்கள் மூவர் உண்டு. ஒருவர் சென்னையிலும், ஒருவர் உதகையிலும், மற்றொருவர் நாகப்பட்டினத்திலும் வசிக்கின்றனர். நால்வரும் காலை எட்டரை மணிக்குத் தத்தம் ஊர் அளவுகளைத் தொலைபேசியில் பகிர்ந்துகொள்வது வழக்கம். வானிலை நிலையங்கள் மழையளவைக் கணக்கிடும் நேரமும் அதுவே. “ஒரே காலையில் உதகையின் புல்வெளியில் உறைபனி இருக்கும், சென்னைக்காரர் மின்விசிறியை நிறுத்தவில்லை என்பார், நாகப்பட்டினத்து நண்பர் மேகம் திரள்கிறது என்பார். எந்த ஊருக்கு எது என்று எங்களுக்குள் வாதம் நடக்கும். அந்த வாதம்தான் எனக்குப் பாதி மருந்து” என்று சிரிக்கிறார் ஆசிரியர்.

இத்தகைய ஆர்வம் நமக்குப் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு வான் ஆய்வகம் கட்டப்பட்டது. 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. இந்திய வானிலைத் துறை தோன்றிய 1875ஆம் ஆண்டுக்கு நெடுங்காலம் முன்பே, நாள்தோறும் ஒருவர் எழுந்து வெப்பமானியைப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் நம் மண்ணில் வேரூன்றிவிட்டது.

ஏன் இந்த ஏற்றத்தாழ்வு?

வடகிழக்குப் பருவமழை விலகியபின் வானம் தெளிகிறது. காற்றில் ஈரம் குறைகிறது. பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி வான்வெளிக்குத் திரும்புகிறது. மேகம் ஒரு போர்வை போன்றது. அது இல்லாத இரவில் நிலம் விரைவாகக் குளிர்கிறது. நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி புல்லிலும் இலையிலும் பனித்துளியாகப் படிகிறது; சில விடியல்களில் மூடுபனியாகவும் நிற்கிறது.

நோயாளிகள் அறியவேண்டிய மற்றொன்றும் அப்போது நிகழ்கிறது. பொதுவாக மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். தெளிந்த, காற்று அசையாத இரவுகளிலோ கீழே குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் அமைகின்றன. அந்த மேலடுக்கு ஒரு மூடிபோல் செயல்படுகிறது. குப்பை எரித்த புகை, வாகனப் புகை, விறகடுப்பின் புகை, சாலைப் புழுதி யாவும் அம்மூடியின் கீழே தங்கிவிடுகின்றன. போகிப் பண்டிகையன்று விடியலில் நகரங்களைப் புகை சூழ்ந்து நிற்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம். கதிரவன் ஏறி நிலம் சூடான பிறகே அம்மூடி கலைகிறது.

ஆதலின் “தூய காலைக் காற்று” என்று நாம் நம்பி நடக்கச் செல்லும் ஐந்து மணி, பின்பனிக்காலத்தில் தூய்மை குறைந்த பொழுதாகவும் இருக்கக்கூடும்.

பகற்பொழுதில் கதை மாறுகிறது. கடலோர ஊர்களில் கடற்காற்று நண்பகலுக்குள் வந்துவிட்டால் வெப்பம் அடங்கும்; தாமதமானால் அன்றைய வெப்பம் ஓரிரு டிகிரி கூடிவிடும். உள் மாவட்டங்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இவற்றுக்கிடையே எதிர்பாராத மழையும் உண்டு. கிழக்கிலிருந்து ஈரக்காற்று வரும் நாள்களில் வானம் மூடி, இரவு வெப்பநிலை சட்டென்று உயர்ந்துவிடும். 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே உருவாயிற்று. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் இலங்கையைக் கடந்த தாழ்வு மண்டலத்தால் காவிரிப் படுகையில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் மழையில் சாய்ந்தது. பின்பனிக்காலம் வறண்டதுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

உடலில் நிகழ்வது என்ன?

*நுரையீரல்.* குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாய்களைச் சுருங்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும் இது இருமலாகவும் இழுப்பாகவும் வெளிப்படும். தேங்கி நிற்கும் புகை அதனை மேலும் தூண்டும். விடியலில் வெளியே செல்ல நேர்ந்தால் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு, மூக்கின் வழியாகவே மூச்சு விடுங்கள். உள்ளே செல்லும் காற்று சற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் மாறும். நடைப்பயிற்சியைக் கதிரவன் ஏறிய பின்னரோ மாலையிலோ வைத்துக்கொள்ளலாம். நோயைக் கட்டுப்படுத்துவதற்காக நாள்தோறும் பயன்படுத்தச் சொன்ன இன்ஹேலரை, இன்று மூச்சு நன்றாக இருக்கிறது என்று எண்ணி நிறுத்தாதீர்கள்.

*இரத்த அழுத்தமும் இதயமும்.* குளிரில் இரத்த நாளங்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரும். வெப்பத்தில் அவை விரிவதால் குறையும். குளிர்காலத்தில் பொருத்தமாக இருந்த மருந்தின் அளவு, வெயில் ஏறும்போது சிலருக்கு மிகுதியாகத் தோன்றலாம். குறிப்பாக நீர் மாத்திரை உட்கொள்பவர்கள் வியர்வையாலும் நீரை இழப்பதால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வரக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் மாத்திரையைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. அழுத்தத்தை அளந்து, மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

*நீர் அருந்துதல்.* வெயிலில் நிறைய நீர் அருந்துங்கள் என்பது பொதுவான அறிவுரை. அது எல்லோருக்கும் பொருந்தாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் தமக்கு வரையறுக்கப்பட்ட அளவையே பின்பற்ற வேண்டும். கோடை வருமுன் அந்த அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

*இன்சுலினும் இன்ஹேலரும்.* திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. பயன்பாட்டில் உள்ளதைப் பொதுவாக 30 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்பது அதன் உறையில் இருக்கும். தை மாதத்தில் அலமாரியில் பாதுகாப்பாக இருந்த மருந்து பங்குனியில் அங்கே பாதுகாப்பாக இராது. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் நீர் கசியும் மண்பானை உதவும். நீர் ஆவியாகும்போது பானை குளிர்கிறது என்பதே இதன் அடிப்படை. ஆதலால் வறண்ட காற்றுள்ள நாளில் பானை நன்றாகக் குளிரும். புழுக்கமான கடலோர நாளில் அவ்வளவு குளிராது. அழுத்தம் நிறைந்த இன்ஹேலரை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

*தொற்று நோய்கள்.* சின்னம்மை நம் நாட்டில் குளிர்காலத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் மிகுதியாகப் பரவும். புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோர், அம்மை கண்டவர்களின் அருகில் இருக்க நேர்ந்தால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

*மூட்டு வலி.* மேகம் கூடினால் முழங்கால் சொல்லிவிடும் என்று பெரியவர்கள் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள்பட்ட வலி உடைய 2,658 பேர், 15 மாத ஆய்வுக் காலத்தில், தங்கள் வலியை நாள்தோறும் கைப்பேசியில் பதிவு செய்தனர். அவர்கள் இருந்த இடத்தின் வானிலையோடு அது ஒப்பிடப்பட்டது. ஈரப்பதம் மிகுந்த, காற்றழுத்தம் குறைந்த, காற்று பலமாக வீசிய நாள்களில் வலி சற்றுக் கூடியது. ஆனால் அந்த வேறுபாடு சிறியதே. வெப்பநிலைக்கும் வலிக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. ஆகவே முழங்காலின் சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் மூட்டு சிவந்து, வீங்கி, காய்ச்சலும் கண்டால் அது வானிலையின் வேலையன்று.

ஆசிரியரின் குறிப்பேடு

அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிதான். அதில் ஐந்து கட்டங்கள்: காலை வெப்பநிலை, பிற்பகல் வெப்பநிலை, வானமும் காற்றும் இருந்த நிலை, மூச்சு எப்படி இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை ஓர் எண், மருந்து எடுத்தாரா என்பதற்கு ஒரு குறி. வெப்பமானியை வடக்குப் பார்த்த திண்ணையில், வெயில் படாமலும் சுவரை ஒட்டாமலும், ஏறத்தாழ இடுப்பளவு உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிட்டிருக்கிறார்.

முதல் ஆண்டில் இக்குறிப்பேடு அவருக்குக் கற்பித்தவை இரண்டு. காற்று அசையாத, தெளிந்த இரவுகளை அடுத்த விடியல்களில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஐந்து மணிக்கு நடக்கச் செல்வதை விட்டு எட்டரைக்குப் பின் நடக்கத் தொடங்கியபோது அந்த எண் குறைந்தது. இது முதல் பாடம்.

இரண்டாவதை அவர் தயக்கத்துடனேயே சொல்கிறார். “கெட்ட நாள் எல்லாவற்றுக்கும் பனிதான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன். எழுதிப் பார்த்தால் மூன்றில் ஒன்று பனியில்லாத நாள். அவற்றில் பல, முந்தைய இரவு இன்ஹேலர் எடுக்க மறந்த நாள்கள். வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன், தவறு என்னுடையதாக இருந்தது.”

ஒருமுறை தொடர்ந்து நான்கு நாள்கள் எண் ஏறிக்கொண்டே சென்றது. வானிலையிலோ மாற்றமில்லை. சளியின் நிறமும் மாறியிருந்தது. அவர் ஐந்தாம் நாளுக்காகக் காத்திராமல் வந்தார். நெஞ்சில் தொற்று இருந்தது. தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டதால் மாத்திரைகளோடு குணமாயிற்று. விவசாயியிடம் அன்று அவர் கேட்ட கேள்வி, இந்த அனுபவத்திலிருந்து வந்ததே.

இத்தகைய குறிப்பேட்டை நீங்களும் தொடங்கலாம். வெப்பமானி கட்டாயமன்று; வானொலியிலோ நாளிதழிலோ வரும் உங்கள் ஊர் அளவே போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் பீக் ஃப்ளோ மீட்டர் அளவையும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் அளவையும், இதய நோயாளிகள் காலை எடையையும் சேர்த்து எழுதுங்கள். எழுத இயலாதவர்களுக்காகப் பராமரிப்பவர்கள் எழுதலாம். பத்து நிமிடச் சந்திப்பில் நினைவுக்கு வராதவற்றை அந்தத் தாள் மருத்துவரிடம் சொல்லிவிடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கீழ்க்காண்பவை எந்தப் பருவத்திலும் வானிலையின் கணக்கில் எழுதத் தக்கவை அல்ல:

• படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து அமர்ந்தால் குறைதல், கணுக்கால் வீக்கம், இரண்டு மூன்று நாள்களில் எடை விரைந்து கூடுதல்.

• உடனடி நிவாரண இன்ஹேலரைப் பயன்படுத்தியும் இழுப்பு அடங்காமை. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமை. உதடு நீலம் பூத்தல்.

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல்.

• சளியின் நிறமும் அளவும் மாறுதல். நாளுக்கு நாள் மூச்சுத்திணறல் கூடுதல்.

• கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல், அது எவ்வளவு சிறிதாயினும்.

• வெயிலில் இருந்தவருக்குக் குழப்பமான பேச்சு, மயக்கம், உடல் கொதித்தல்.

மூச்சு, நெஞ்சு, நினைவு ஆகிய மூன்றில் எது தடுமாறினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

அந்த அம்மையார் சென்ற வாரம் மறுபரிசோதனைக்காக வந்திருந்தார். கணவரின் சட்டைப்பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. தேதி, காலை எடை, இரவில் எத்தனை தலையணை, பனி உண்டா இல்லையா என நான்கு கட்டங்கள். கடைசிப் பக்கத்தில் ஆசிரியரின் தொலைபேசி எண். “காலையில் அவருக்குப் பனி இருந்ததா என்று நான் சொல்வேன், வெப்பநிலை எவ்வளவு என்று அவர் சொல்வார்” என்றார் விவசாயி. காலை எட்டரை மணிக்கு வானிலை பேசும் நண்பர்கள் இப்போது ஐவராகிவிட்டனர்.